போட்டித் தேர்வில் விலைக் கணக்குகள்: ‘எதன் மேல் சதவீதம்?’ – ஒரு முழுமையான வழிகாட்டி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், மூன்று மணி நேரம். அவற்றில் 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 37.5 மதிப்பெண். பாடத்திட்டத்தைப் புரட்டினால் ‘லாப நட்டம்’ என்று தனித் தலைப்பு கண்ணில் படாது. சுருக்குதல், விழுக்காடு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி என்று போகும் அந்தப் பட்டியலில் ‘விழுக்காடு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் வாங்கிய விலை, விற்ற விலை, தள்ளுபடி, வரி எல்லாம் அடங்கிக் கிடக்கின்றன. தலைப்பு இல்லையே என்று இதை ஒதுக்கிவைப்பவர்கள் தேர்வு அறையில்தான் விழித்துக்கொள்கிறார்கள்.

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுகளில் இந்த ஒளிவுமறைவு கிடையாது. லாபம், நட்டம், தள்ளுபடி என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். அவற்றில் பட்டதாரிகளுக்கான சி.ஜி.எல். முதல் நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 வினாக்கள். அதாவது ஒரு வினாவுக்கு 36 விநாடி. குரூப் 4-இல் சராசரி 54 விநாடி வருகிறது. தமிழ்ப் பகுதியில் சட்டென்று விடை தெரிந்துவிடும் வினாக்கள் பல இருப்பதால், அங்கே மிச்சம் பிடிக்கும் நேரத்தைக் கணக்குக்கு ஒதுக்கலாம். அப்படிப் பார்த்தாலும் ஒரு விலைக் கணக்குக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் செலவிடுவது கட்டுப்படியாகாது.

நேரம் குறைவு என்பதால் ஷார்ட்கட் பட்டியல்களை மனப்பாடம் செய்யும் வழக்கம் பரவியிருக்கிறது. நாற்பது சூத்திரங்களை உருப்போட்டவர், வினாவில் ஒரு சொல் மாறினால் எந்தச் சூத்திரம் என்று தேடுவதிலேயே நேரத்தைத் தொலைக்கிறார். விலைக் கணக்கில் உண்மையில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சதவீதம் எதன் மேல்? வினாத்தாள் தயாரிப்பவர் வைக்கும் பொறிகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காதவருக்காக வைக்கப்பட்டவை.

நான்கு விலைகள், ஒரே ஏணி

ஒரு பாத்திரக் கடைக்காரர் குக்கர் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்குகிறார். கடைக்குக் கொண்டுவர வண்டி வாடகை 50 ரூபாய். ஆக, அவருக்கு அடக்கம் 1,250. அதன் மேல் 2,000 என்று விலைச்சீட்டு ஒட்டுகிறார். ஆடித் தள்ளுபடி 20 சதவீதம் போக 1,600 ரூபாய்க்கு விற்கிறார். வரி 5 சதவீதம் என்றால் வாடிக்கையாளர் கையிலிருந்து போவது 1,680.

எல்லா விலைக் கணக்கும் இந்த ஏணியின் ஏதோ ஒரு படியை மறைத்துவிட்டு மற்றவற்றைச் சொல்வதுதான். அடக்க விலை, குறித்த விலை, விற்பனை விலை, வரியுடன் சேர்ந்த விலை என்ற நான்கையும் கணக்குத் தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக அ.வி., கு.வி., வி.வி., வரியோடு என்று எழுதிவிட்டு, வினா தரும் எண்களை அதனதன் இடத்தில் வையுங்கள்.

இப்போது சதவீதங்களைப் பாருங்கள். லாபம் 1,600 − 1,250 = 350. இது எதில் எத்தனை சதவீதம்? அடக்க விலையில். 350 ÷ 1,250 = 28 சதவீதம். தள்ளுபடி எதன் மேல்? குறித்த விலையின் மேல். வரி எதன் மேல்? தள்ளுபடி போக மிஞ்சும் விலையின் மேல். இம்மூன்றும் வெவ்வேறு எண்களில் உட்கார்ந்திருக்கின்றன. ‘குறித்த விலை அடக்க விலையை விட 60 சதவீதம் அதிகம், தள்ளுபடி 20 சதவீதம், எனவே லாபம் 40 சதவீதம்’ என்று கழிப்பவர், வேறு வேறு எண்களில் உட்கார்ந்திருக்கும் சதவீதங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கிறார். வண்டி வாடகையை மறந்துவிட்டு 1,200-ஐ அடக்கமாக எடுத்தவருக்கோ லாபம் 400, அதாவது 33⅓ சதவீதம் என்று வரும். அந்த எண்ணும் விடைப் பட்டியலில் காத்திருக்கும். போக்குவரத்து, பழுது பார்த்தல், சாயம் பூசுதல் என்று எந்தச் செலவு வந்தாலும் விற்பதற்கு முன் செய்த செலவு அடக்கத்தில் சேரும்.

நடைமுறைக்கும் வினாத்தாளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடையில் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி. எல்லா வரியும் உட்பட்டது. வினாவில் ‘குறித்த விலை’ என்று சொல்லி வரியைத் தனியாகச் சொன்னால், வரி வெளியே இருந்து சேருகிறது என்று பொருள். வாடிக்கையாளர் மொத்தம் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால் தள்ளுபடியை முதலில் கழித்தாலும் வரியை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றுதான்: 2,000 × 0.8 × 1.05 = 1,680. ஆனால் ‘வரி எவ்வளவு’ என்று கேட்டால் 1,600-இன் மேல் 80 ரூபாயா, 2,000-இன் மேல் 100 ரூபாயா என்பது முக்கியமாகிவிடும். சரியான விடை 80.

பழைய வினாத்தாள்களில் 12, 28 சதவீத ஜி.எஸ்.டி. வரும்போது குழம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதத்துக்கு மாறிவிட்டன. கணக்கைப் பொறுத்தவரை வினா எந்த விகிதத்தைச் சொல்கிறதோ அதுவே சட்டம்.

படி 1: கடைசி வரியை முதலில் படியுங்கள்

விலைக் கணக்கின் முதல் இரண்டு வரிகள் கதை. கேள்வி கடைசியில்தான் இருக்கிறது. லாபத்தைக் கேட்கிறார்களா, லாப சதவீதத்தையா, அடக்க விலையையா? 350 ரூபாய் லாபம் என்று கண்டுபிடித்த களைப்பில் 350-ஐத் தேடிக் குறித்துவிட்டு, சதவீதம் கேட்டதைக் கவனிக்காமல் போவது சாதாரணமாக நடப்பது.

சொற்களிலும் ஒரு கண் வேண்டும். வாங்கிய விலை, அடக்க விலை, கொள்முதல் விலை, அசல் விலை எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. பட்டியல் விலை என்றால் குறித்த விலை. டி.என்.பி.எஸ்.சி. வினாத்தாளில் கணக்கு தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று முகப்பிலேயே போட்டிருப்பார்கள். தமிழ் வாக்கியம் நெருடினால் எதிரே உள்ள ஆங்கில வரியை ஒரு முறை பாருங்கள். மொழிப்பற்றை அந்த இடத்தில் காட்ட வேண்டியதில்லை.

படி 2: சதவீதத்தைப் பெருக்கலாக மாற்றுங்கள்

20 சதவீதம் லாபம் என்றால் அடக்க விலையை 6/5-ஆல் பெருக்குகிறோம். 20 சதவீதம் நட்டம் என்றால் 4/5-ஆல். கூட்டிக் கழிப்பதை விட்டுவிட்டு இப்படிப் பெருக்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியில் உள்ள ஒரே ‘ஷார்ட்கட்’. பத்துப் பதினைந்து பின்னங்கள் நுனிநாக்கில் இருந்தால் போதும்: 25 சதவீதம் கால், 12½ சதவீதம் எட்டில் ஒன்று, 6¼ சதவீதம் பதினாறில் ஒன்று. பழைய வாய்பாட்டில் அரைக்கால், மாகாணி என்று தாத்தாமார்கள் ஒப்பித்தவைதான் இவை. மேலும் 33⅓ என்றால் மூன்றில் ஒன்று, 16⅔ என்றால் ஆறில் ஒன்று, 14²⁄₇ என்றால் ஏழில் ஒன்று, 11¹⁄₉ என்றால் ஒன்பதில் ஒன்று, 9¹⁄₁₁ என்றால் பதினொன்றில் ஒன்று.

வினாவில் 14²⁄₇ சதவீதம் என்று வந்தால் பயமுறுத்துகிறார்கள் என்று எண்ண வேண்டாம். உதவி செய்கிறார்கள். லாபம் ஏழில் ஒரு பங்கு, எனவே அடக்கம் 7 பங்கு, விற்பனை 8 பங்கு. கணக்கு அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

படி 3: மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா?

ஒரு நாற்காலியை 1,440 ரூபாய்க்கு விற்றதில் 20 சதவீதம் லாபம் கிடைத்தது. அடக்க விலை என்ன? விடைகள்: 1,152, 1,200, 1,220, 1,260.

இந்த வினா எப்படி வேலை செய்கிறது என்று சற்று நின்று பார்க்கலாம். அவசரக்காரர் 1,440-இல் 20 சதவீதம் 288 என்று கண்டு, கழித்து, 1,152 என்று குறிப்பார். அந்த எண் முதல் விடையாகவே நிற்கிறது. தன் விடை பட்டியலில் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கையும் வந்துவிடும். ஆனால் அந்த 20 சதவீதம் 1,440-இன் மேல் இல்லை, இன்னும் நமக்குத் தெரியாத அடக்க விலையின் மேல் இருக்கிறது. அடக்கம் × 6/5 = 1,440. எனவே அடக்கம் = 1,440 × 5/6 = 1,200. சரிபார்க்க 1,200-இல் 20 சதவீதம் 240, கூட்டினால் 1,440.

ஏணியில் போகும் திசையில் பெருக்கினால், திரும்பி வரும்போது வகுக்க வேண்டும். ஏறும்போது 20 சதவீதம் கூடியதை இறங்கும்போது 20 சதவீதம் கழித்துச் சரிக்கட்ட முடியாது. இதே தர்க்கம்தான் ‘சர்க்கரை விலை 25 சதவீதம் ஏறினால், செலவு கூடாமல் இருக்கப் பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்’ என்ற வினாவிலும் வருகிறது. விலை 5/4 மடங்கு ஆனால் அளவு 4/5 மடங்கு ஆக வேண்டும். எனவே குறைப்பு 20 சதவீதம். 25 என்று குறிப்பவர்கள் கணிசமாக இருப்பார்கள்.

படி 4: ரூபாயே இல்லை என்றால் 100 வையுங்கள்

வினாவில் சதவீதங்கள் மட்டும் இருந்து, விடையும் சதவீதமாகவே கேட்டால் அடக்க விலையை 100 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘10 சதவீதம் தள்ளுபடி கொடுத்த பிறகும் 17 சதவீதம் லாபம் வேண்டும். அடக்க விலையை விட எத்தனை சதவீதம் கூட்டிக் குறிக்க வேண்டும்?’ அடக்கம் 100, விற்பனை 117. இந்த 117 என்பது குறித்த விலையில் 90 சதவீதம். எனவே குறித்த விலை 117 ÷ 0.9 = 130. கூட்ட வேண்டியது 30 சதவீதம். 10-ஐயும் 17-ஐயும் கூட்டி 27 என்று குறிப்பது இங்கே உள்ள பொறி.

ரூபாய் ஒரே ஓர் இடத்தில் வந்தாலும் 100 வைக்கலாம். ‘20 சதவீதம் லாபத்தில் ஒரு பொருளை விற்றார். 10 சதவீதம் குறைவாக வாங்கி, 36 ரூபாய் குறைவாக விற்றிருந்தால் 30 சதவீதம் லாபம் கிடைத்திருக்கும்.’ பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். அடக்கம் 100 என்றால் விற்பனை 120. புதிய அடக்கம் 90, அதன் மேல் 30 சதவீதம் 27, எனவே புதிய விற்பனை 117. வித்தியாசம் 3 பங்கு. அது 36 ரூபாய் என்றால் ஒரு பங்கு 12, அடக்கம் 1,200. சமன்பாடு எழுதினாலும் இதுதான் வரும். அரைப் பக்கம் பிடிக்கும், அவ்வளவே.

இந்த வகையின் எளிய தம்பியைத்தான் குரூப் 4-இல் எதிர்பார்க்க வேண்டும்: 5 சதவீதம் நட்டத்தில் விற்றவர் 240 ரூபாய் கூட்டி விற்றிருந்தால் 10 சதவீதம் லாபம் கிடைத்திருக்கும். −5-க்கும் +10-க்கும் இடையே 15 சதவீதம். 15 சதவீதம் 240 என்றால் நூறு சதவீதம் 1,600. இங்கே சதவீதங்களை நேராகக் கூட்டலாமா என்று கேட்பது நல்ல கேள்வி. கூட்டலாம், ஏனென்றால் நட்டமும் லாபமும் அதே அடக்க விலையின் மேல்தான் இருக்கின்றன. சதவீதங்கள் ஒரே எண்ணின் மேல் இருந்தால் கூட்டலாம், கழிக்கலாம். வேறு எண்களின் மேல் இருந்தால் பெருக்கத்தான் வேண்டும்.

தள்ளுபடி மேல் தள்ளுபடி

20 சதவீதத் தள்ளுபடி, அதன் மேல் கூடுதலாக 10 சதவீதம். மொத்தம் 30 இல்லை. இரண்டாவது தள்ளுபடி ஏற்கெனவே குறைந்த விலையின் மேல் விழுகிறது. 0.8 × 0.9 = 0.72, எனவே 28 சதவீதம். மூன்றாவதாக 5 சதவீதமும் சேர்ந்தால் 0.72 × 0.95 = 0.684, ஆக 31.6 சதவீதம். வரிசையை மாற்றினாலும் விடை மாறாது.

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் தள்ளுபடிதான். மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டுக்குப் பணம் கொடுக்கிறோம். மூன்றில் ஒன்று, 33⅓ சதவீதம். 50 சதவீதம் என்று தோன்றுவதற்குக் காரணம், இலவசமாக வந்த ஒன்றைப் பணம் கொடுத்த இரண்டோடு ஒப்பிடுவது. தள்ளுபடி கையில் வந்த மொத்தப் பொருளின் விலையில் கணக்கிடப்படும்.

எண்ணிக்கையில் வரும் விலைக் கணக்கு

‘15 பொருள்களின் அடக்க விலை, 12 பொருள்களின் விற்பனை விலைக்குச் சமம். லாப சதவீதம்?’ 12 பொருள்களை விற்றவர் கையில் 15 பொருள்களின் அடக்கம் வந்துவிட்டது. விற்றது 12, மிஞ்சியது 3. எனவே 3/12, அதாவது 25 சதவீதம். 3/15 என்று எடுத்து 20 குறிப்பவர், விற்காத பொருளையும் விற்றதாக எண்ணுகிறார்.

இதன் இன்னொரு முகம் இன்னும் நுட்பமானது. ‘20 பொருள்களை விற்றதில் 4 பொருள்களின் விற்பனை விலை லாபமாகக் கிடைத்தது.’ 20 விற்பனை விலையிலிருந்து 4 விற்பனை விலையைக் கழித்தால் 20 பொருள்களின் அடக்கம். ஆக 16 விற்பனை விலை = 20 அடக்க விலை. ஒரு பொருளுக்கு விற்பனை 20 பங்கு, அடக்கம் 16 பங்கு, லாபம் 4/16 = 25 சதவீதம். அதே வாக்கியத்தில் ‘4 பொருள்களின் அடக்க விலை’ என்று இருந்தால் 4/20 = 20 சதவீதம். ஒரு சொல் மாறியதில் விடை மாறுகிறது. இந்த இடத்தில் வினாத்தாளில் அந்தச் சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

‘10 ரூபாய்க்கு 11 எலுமிச்சை வாங்கி, 11 ரூபாய்க்கு 10 எலுமிச்சை விற்றார்.’ ஒரு பழத்தின் அடக்கம் 10/11, விற்பனை 11/10. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 121/100. லாபம் 21 சதவீதம். எந்த ஊர்ச் சந்தையில் இந்த விலைக்கு எலுமிச்சை கிடைக்கிறது என்று கேட்கக் கூடாது.

ஒரே விலைக்கு விற்ற இரண்டு பொருள்கள்

இரண்டு சைக்கிள்களை ஒவ்வொன்றும் 2,400 ரூபாய்க்கு விற்றார். ஒன்றில் 20 சதவீதம் லாபம், மற்றொன்றில் 20 சதவீதம் நட்டம். மொத்தத்தில்? லாபமும் நட்டமும் சரிக்குச் சரி என்று மனம் சொல்லும். அடக்கத்தைப் பாருங்கள்: முதல் சைக்கிள் 2,000, இரண்டாவது 3,000. மொத்த அடக்கம் 5,000, வரவு 4,800. நட்டம் 200, அதாவது 4 சதவீதம். லாபம் சிறிய எண்ணின் மேல், நட்டம் பெரிய எண்ணின் மேல். எனவே இந்த வகையில் எப்போதும் நட்டம்தான். சதவீதத்தை வர்க்கப்படுத்தி 100-ஆல் வகுத்தால் நட்ட சதவீதம் கிடைக்கும்: 20 × 20 ÷ 100 = 4.

இந்தக் குறுக்குவழியைத் தெரிந்தவர் அதிகம், எங்கே செல்லாது என்று தெரிந்தவர் குறைவு. விற்பனை விலைகள் சமமாக இருந்து, லாப, நட்ட சதவீதங்களும் ஒன்றாக இருந்தால்தான் இது செல்லும். ‘ஒவ்வொன்றும் 2,400 ரூபாய்க்கு வாங்கினார்’ என்று இருந்தால் இரண்டு சதவீதங்களும் ஒரே அளவு எண்ணின் மேல் விழுகின்றன. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ‘விற்றார்’, ‘வாங்கினார்’ என்ற இரண்டு வினைச்சொற்களுக்கு இடையே ஒன்றரை மதிப்பெண் தொங்குகிறது.

எடையில் ஏமாற்றும் வியாபாரி

வினாத்தாளில் வரும் மளிகைக்கடைக்காரர் ஏனோ எப்போதும் எடையில் கைவைப்பவராகவே இருக்கிறார். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 அவர் காதில் விழவே இல்லை. ‘அடக்க விலைக்கே விற்பதாகச் சொல்லி, கிலோவுக்குப் பதில் 900 கிராம் நிறுத்துக் கொடுக்கிறார்.’ அவர் பணம் வாங்குவது 1,000 கிராமுக்கு, அவருக்குச் செலவானது 900 கிராம். மிச்சம் 100. இது எதன் மேல்? செலவான 900-இன் மேல். 100/900 = 11¹⁄₉ சதவீதம். 10 சதவீதம் என்பது பொறி.

அவரே விலையையும் 10 சதவீதம் ஏற்றி விற்றால் 1.1 ÷ 0.9, அதாவது 11/9. லாபம் 2/9, 22²⁄₉ சதவீதம். விலையில் செய்ததும் எடையில் செய்ததும் தனித்தனிப் பெருக்கல்கள். ஒன்றோடொன்று கூட்டக் கூடாது.

விலை குறைந்ததால் கூடுதலாகக் கிடைத்த சரக்கு

‘சர்க்கரை விலை 20 சதவீதம் குறைந்ததால் 800 ரூபாய்க்கு 4 கிலோ கூடுதலாகக் கிடைக்கிறது. பழைய விலை, புதிய விலை என்ன?’ சமன்பாடு போட்டால் பின்னங்கள் வந்து கையைக் கடிக்கும். காசின் வழியே யோசித்தால் இரண்டே வரி. முன்பு வாங்கிய அதே அளவுச் சர்க்கரைக்கு இப்போது 20 சதவீதம் குறைவாகச் செலவாகிறது. 800-இல் 20 சதவீதம் 160 மிஞ்சுகிறது. அந்த 160 ரூபாயைக் கொண்டுதான் கூடுதல் 4 கிலோவை, புதிய விலைக்கு, வாங்கினார். புதிய விலை 40. அது பழைய விலையில் 80 சதவீதம், எனவே பழைய விலை 50. சரிபார்ப்பு: 50 ரூபாய் விலையில் 16 கிலோ, 40 ரூபாய் விலையில் 20 கிலோ.

கடைசியில் உள்ள கேள்வியை இங்கே மறுபடி படியுங்கள். பழைய விலையைக் கேட்டால் 50, புதிய விலையைக் கேட்டால் 40. இரண்டும் விடைப் பட்டியலில் இருக்கும்.

சதவீதமே இல்லாத விலைக் கணக்கு

‘5 பேனாவும் 3 நோட்டும் 140 ரூபாய், 3 பேனாவும் 5 நோட்டும் 180 ரூபாய்.’ எண்கள் இடம் மாறியிருக்கின்றன என்பதைக் கவனித்தால் நீக்கல் முறையெல்லாம் வேண்டாம். கூட்டினால் 8 பேனாவும் 8 நோட்டும் 320. ஒரு ஜோடி 40. கழித்தால் 2 நோட்டுக்கும் 2 பேனாவுக்கும் வித்தியாசம் 40, ஒன்றுக்கு 20. எனவே நோட்டு 30, பேனா 10. ஒரு பேனாவும் ஒரு நோட்டும் சேர்ந்து எவ்வளவு என்று மட்டும் கேட்டால் கூட்டியதோடு நிறுத்திவிடலாம்.

படி 5: விடைகளையே வேலை வாங்குங்கள்

16⅔ சதவீதம் லாபத்தில் 2,100 ரூபாய்க்கு விற்ற பொருளின் அடக்க விலை என்ன? விடைகள் 1,750, 1,780, 1,800, 1,850. லாபம் ஆறில் ஒரு பங்கு என்றால் அடக்கம் 6 பங்கு, விற்பனை 7 பங்கு. 2,100-ஐ ஏழால் வகுத்தால் 300, முழு எண். எனவே அடக்கம் ஆறின் மடங்காக இருந்தாக வேண்டும். நான்கில் 1,800 மட்டுமே ஆறால் வகுபடும். 1,750 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், 2,100-இல் ஆறில் ஒன்றைக் கழித்தவருக்கானது. வகுபடும் தன்மையைப் பார்த்தாலே அது கழன்றுவிடுகிறது. இப்படிச் சில வினாக்களை எழுதாமலே முடிக்கலாம். ஆனால் விடை ஒன்றை உள்ளே போட்டு ஏணியில் ஒரு முறை ஏறிப் பார்ப்பது நல்லது. பத்து விநாடிக்கு மேல் ஆகாது.

தெரியாத வினாவை என்ன செய்வது என்பது தேர்வைப் பொறுத்தது. டி.என்.பி.எஸ்.சி.யில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே இரண்டு விடைகளை நீக்கிவிட்டால் மிச்சத்தில் ஒன்றைத் தயங்காமல் நிரப்பலாம். ஓ.எம்.ஆர். தாளில் ‘விடை தெரியவில்லை’ என்பதற்கான ஐந்தாவது வட்டம் இருக்கிறது; எதையுமே நிரப்பாமல் விட்டுவிடக் கூடாது. சி.ஜி.எல். முதல் நிலையில் சரியான விடைக்கு 2, தவறுக்கு 0.5 கழிவு. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி வரவு வினாவுக்கு 0.125 மதிப்பெண்தான். பொறி என்று தெரிந்த ஒரு விடையை நீக்கினாலே அது 0.33 ஆகிவிடும். விலைக் கணக்கில் அந்த ஒரு பொறியை அடையாளம் காண்பது கடினமில்லை: சதவீதத்தைத் தவறான எண்ணின் மேல் போட்டால் வரும் விடை எதுவோ, அதுதான்.

பயிற்சி

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் ‘வாழ்வியல் கணிதம்’ பாடத்தை முதலில் முடியுங்கள். பிறகு பழைய வினாத்தாள்களுக்குப் போகலாம். ஒவ்வொரு கணக்கையும் போட்ட பிறகு, தவறான மூன்று விடைகளும் எந்தப் பிழையால் வரும் என்று கண்டுபிடித்து ஓரத்தில் எழுதுங்கள். பத்துக் கணக்குகளை இப்படிப் போடுவது, நூறு கணக்குகளை ஓட்டமாகப் போடுவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

கைக்கு ஐந்து கணக்குகள்:

1. ஒரு மின்விசிறியை 1,890 ரூபாய்க்கு விற்றதில் 10 சதவீதம் நட்டம். 5 சதவீதம் லாபம் வேண்டுமானால் என்ன விலைக்கு விற்க வேண்டும்?

2. 20 சதவீதத் தள்ளுபடிக்குப் பின் இன்னொரு தள்ளுபடியும் கொடுத்ததில் மொத்தத் தள்ளுபடி 36 சதவீதம் ஆனது. இரண்டாவது தள்ளுபடி எவ்வளவு?

3. அடக்க விலையை விட 40 சதவீதம் கூட்டிக் குறித்து, 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபமா, நட்டமா, எத்தனை சதவீதம்?

4. 16 பொருள்களின் அடக்க விலை, 20 பொருள்களின் விற்பனை விலைக்குச் சமம். லாப நட்ட சதவீதம்?

5. அரிசி விலை 10 சதவீதம் ஏறியதால் 1,980 ரூபாய்க்கு 3 கிலோ குறைவாகக் கிடைக்கிறது. பழைய விலை என்ன?

விடைகள்: முதல் கணக்கில் அடக்கம் 2,100, எனவே 2,205 ரூபாய்க்கு விற்க வேண்டும். இரண்டாவதில் 0.64 ÷ 0.8 = 0.8, ஆக 20 சதவீதம். 16 என்று வந்தால் தள்ளுபடிகளைக் கழித்திருக்கிறீர்கள். மூன்றாவதில் 1.4 × 0.75 = 1.05, லாபம் 5 சதவீதம். நான்காவதில் 20 விற்றும் 16-இன் அடக்கம்தான் கைக்கு வந்தது; நட்டம் 4/20 = 20 சதவீதம். ஐந்தாவதில் விலை 11/10 மடங்கு ஆனதால் அளவு 10/11 மடங்கு ஆகிறது. குறைந்த 3 கிலோ பழைய அளவில் பதினொன்றில் ஒரு பங்கு, எனவே பழைய அளவு 33 கிலோ; பழைய விலை 1,980 ÷ 33 = 60 ரூபாய், புதிய விலை 66.